தயிர் உறையலன்னா ஹைப்போவ ஏத்துனா போதுமா?

டெய்ரி லேப்ல இருக்கவங்களுக்கு பாக்டீரியான்னாலே எதிரி மாதிரிதான், கோலிஃபார்ம்ங்கற அழுக்கு பாக்டீரியா வந்துச்சா, மெஷின தொடைச்சு எடுத்த ஸ்வாப்ல ஏதாச்சும் வளந்துச்சான்னே பொழுது போகும். தயிர் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்கன்னா கணக்கு தலைகீழ். இங்க பாக்டீரியாவ கல்ச்சர்ங்கற பேர்ல நாமளே காசு குடுத்து வாங்கி பாலுல கொட்டுறோம், அதுக்கு நோய் வராம பாத்துக்கறதும் நம்ம தலையிலதான். நோய்னா ஃபேஜ், பாக்டீரியாவ மட்டும் தாக்குற வைரஸ். மனுசனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பால் உறையாது. 1935லயே நியூசிலாந்துல வைட்ஹெட், காக்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சீஸ் கல்ச்சர் படுத்துக்குறதுக்கு இது ஒரு காரணம்னு எழுதிட்டாங்க.

பேட்ச் உறையலன்னா புரொடக்‌ஷன்ல இருந்து மொதல்ல வர்ற குரல் "ஹைப்போவ இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார்" (ஹைப்போன்னா கிருமி கொல்ற குளோரின் கரைசல்). அங்கதான் எனக்கு பிபி ஏறும். ஏன்னா டேங்க சரியா அலசாம விட்டு ஹைப்போவோ குவாட்டோ (இதுவும் ஒரு கிருமிநாசினிதான்) மிச்சம் தங்கிட்டாலும் கல்ச்சர் மந்தமாகும், ஃபேஜ் வந்தாலும் மந்தமாகும், கப்ப தொறந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தண்ணியாத்தான் இருக்கும். ஆனா பிஹெச் ஷீட்ட (பால் புளிக்க புளிக்க பிஹெச் எறங்கும்) பாத்தா வித்தியாசம் தெரியும். கெமிக்கல்னா ஆரம்பத்துல இருந்தே 6.6ல ஒட்டிக்கிட்டு நகராது. ஃபேஜ்னா மொதல்ல நல்லா எறங்கி, நம்மள நம்ப வச்சு, நடுவுல பொசுக்குனு நின்னுடும், தயிரா உறையுற 4.6 பக்கம் போகவே போகாது.

சந்தேகம்னா அந்த உறையாத பேட்ச்ல பிரியுற தண்ணிய 0.45 மைக்ரான் ஃபில்டர்ல விட்டு, பாக்டீரியா எல்லாம் மேலயே நிக்க, கீழ வர்றத புரோமோகிரசால் பர்பிள் (புளிச்சா ஊதாவுல இருந்து மஞ்சளாகுற சாயம்) போட்ட பாலுல அதே கல்ச்சரோட கலந்து வைப்போம், பக்கத்துல வேற ஸ்ட்ரெயின் (பாக்டீரியால வேற ரகம்) போட்டு ஒரு டியூபும். வேற ஸ்ட்ரெயின் மஞ்சளாகி நம்ம கல்ச்சர் மட்டும் ஊதாவாவே நின்னா ஃபேஜ்தான், ஏன்னா அது ஆள் பாத்து அடிக்கும். ரெண்டுமே ஊதான்னா நான் சிஐபி லாக்புக்க (டேங்க், பைப் கழுவுன கணக்கு) கேட்டு வாங்குவேன்.

இதுல சிக்கலான எடம் என்னன்னா, ஃபேஜுக்கு சுறுசுறுப்பா வளர்ற பாக்டீரியாதான் வேணும், அதோட மெஷினரியத்தானே வாடகைக்கு எடுக்குது. செல் கெமிக்கல்ல அடிபட்டு முடங்கிக் கெடந்தா ஃபேஜும் உள்ள போயி பெருசா பெருக முடியாது. அதனால மிச்சம் தங்குற கெமிக்கல் சில நேரம் ஃபேஜ மறைச்சே வச்சிடும். அலசல் ஒழுங்கானதும் கல்ச்சர் துள்ளி வளரும், ஃபேஜும் கூடவே துள்ளும், அப்ப எல்லாரும் "தண்ணி விட்டதாலதான் போச்சு"ன்னு லேப திட்டுவாங்க.

இன்னொண்ணும் இருக்கு. சில கல்ச்சர் ஸ்ட்ரெயினுக்குள்ளயே ஃபேஜோட டிஎன்ஏ தூங்கிட்டு இருக்கும். 1950ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல லுவோஃப்ங்கற விஞ்ஞானி இந்த மாதிரி பாக்டீரியா மேல யூவி அடிச்சு காமிச்சார், டிஎன்ஏ அடிபட்டதும் தூங்குனது முழிச்சு செல்ல உடைச்சுட்டு வெளிய வந்துச்சு. ஹைட்ரஜன் பெராக்சைடும் சில பாக்டீரியால இதே வேலைய பண்ணும். அரைகுறை டோஸ்ல பாக்டீரியா சாகாம காயம் மட்டும் பட்டா வர்ற வெனை இது.

அதுக்காக கெமிக்கலே வேணாம்னு சொல்லல. ஆல்கஹால் ஸ்ப்ரே ஃபேஜ்கிட்ட சரியா எடுபடாது, பெராசெடிக் ஆசிட் நல்லா கேக்கும். ஹைப்போவும் கேக்கும்தான், ஆனா பால் படிஞ்ச எடத்துல ஊத்துனா குளோரின அந்த அழுக்கே சாப்ட்டுடும், அதனால காஸ்டிக் சோடா ஓட்டி மொதல்ல அழுக்க எடுக்கணும். (வால்வு கேஸ்கட்ட கழட்டி உள்பக்கம் பாருங்க, அங்க வெள்ளையா ஒரு வளையம் இருக்கும், அதுதான் வில்லன்.) பாஸ்டுரைசர் 72 டிகிரி 15 செகண்டுல பல ஃபேஜ் தப்பிச்சிடும்ங்கறதால அத நம்பியும் உக்கார முடியாது.

இப்ப எங்க எடத்துல ஃபேஜ் ஆள் பாத்து அடிக்கறதால கல்ச்சர சுழற்சில மாத்துறோம், கடைசி அலசல் தண்ணியில கெமிக்கல் மிச்சம் காட்டுற ஸ்ட்ரிப் முக்கி பாக்காம டேங்க்ல பால் எறக்க விடுறதில்ல. பர்ச்சேஸ்ல மட்டும் ஒரே கல்ச்சர மொத்தமா வாங்குனா டிஸ்கவுன்ட்டாமேன்னு இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க.