திருக்கோணமலையிலிருந்து ரொறன்ரோ: உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாலை 4.00 மணிக்கு ஏறி, அன்றே பிற்பகல் 3.30க்கு ரொறன்ரோவில் இறங்குவதாக ஒரு ரிக்கெட் இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தால் பதினொன்றரை மணித்தியாலம். ரிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கனடாவின் குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்கு 10.30 மணித்தியாலம் பின்னால் நிற்கும், ஆகவே பயணம் 22 மணித்தியாலம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அந்த வித்தியாசம் 9.30 ஆகும், அதே பயணம் அங்கே 4.30க்கு முடியும்.

நேர்த்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். பூகோள உருண்டையில் இரண்டு ஊரையும் தொட்டு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே அரபிக்கடல் பக்கம் போகாது. இந்தியாவுக்கு மேலால் வடக்கே ஏறி, வட அகலாங்கு 72 பாகை வரை போய்த்தான் இறங்கும். அந்த வழியில் நேரடி விமானம் இல்லை. டோகாவில் மாறினால் 3,610 + 10,880, மொத்தம் 14,490 கிலோமீற்றர். லண்டனில் மாறினால் 8,710 + 5,710, அதாவது 14,420. வித்தியாசம் 70 கிலோமீற்றர்தான், விமானத்துக்கு ஐந்து நிமிடம். எனவே வழியைத் தூரம் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டாம். இடையில் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். லண்டன் வழியென்றால் ட்ரான்சிட் விசா விதியையும் பாருங்கள்.

பறக்கும் நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு: கிலோமீற்றரை 850ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள். மேற்கே போகும்போது எதிர்க்காற்று இன்னும் கொஞ்சம் தின்னும். டோகா வரை 5, அங்கிருந்து ரொறன்ரோ 14 என்று வைத்தால் பிழைக்காது. திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும்.

ஆனால் நம்மூர்க்காரரைக் கவிழ்ப்பது வானம் அல்ல, தரை. திருக்கோணமலைச் சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆகாயத்தில் 210 கிலோமீற்றர்கூட வராது. வேனில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போக ஆறு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். 4 மணி விமானத்துக்கு 1 மணிக்கு நிற்க வேண்டும். கணக்குப்படி இரவு 7க்கு வெளிக்கிட்டால் போதும். வெளிக்கிடாதீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இருட்டில் யானை வீதிக்கு வரும். பிற்பகல் 3.30க்கே புறப்பட்டால் வெளிச்சத்தோடு ஹபரணையைத் தாண்டலாம். இரவு ரயில் கொழும்புக் கோட்டைக்குத்தான் போகும். அங்கிருந்து திரும்ப வடக்கே வரவேண்டும், அதுவும் ரயில் பிந்தாவிட்டால்.

ஆக வீட்டு வாசலிலிருந்து 34.30 மணித்தியாலம், குடிவரவு வரிசையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் சேராமல். இரண்டு விமானமும் ஒரே ரிக்கெட்டில் இருக்கட்டும்: முதலாவது பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்த நட்டம் உங்களுடையது. பெட்டியில் ஒட்டும் துண்டில் கடைசி எழுத்துகள் ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியீடான வை-வை-இசட் (YYZ) என்று இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர முன்னர் பாருங்கள்.