கீமேன் பெரியவருக்காக ஒரு நவம்பர் பயணம்: பேராலயம், கல்லறைத் தோட்டம், ஏற்காடு

சேலம் சூரமங்கலம் ரயில்வே காலனியில் வாழ்ந்து மறைந்த அந்தப் பெரியவர், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்து 1971 போரைப் பார்த்தவர். பட்டாளத்திலிருந்து வந்ததும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் கேங்மேனாகச் சேர்ந்து, தண்டவாளத்தைத் தினமும் நடந்து சோதிக்கும் கீமேனாக ஓய்வு பெற்றார். பூசைக்குப் போகாத நாள் அவருக்குக் குறைவு. நவம்பர் பிறந்துவிட்டால் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக, அதாவது மோட்சம் சேருமுன் சுத்திகரிக்கப்படும் இறந்தவர்களுக்காக, மாதம் முழுக்க ஜெபமாலை சொல்வார். பிறருக்காக அவர் செய்ததை இப்போது அவருக்காகச் செய்ய வேண்டும். அதற்கான ஒரு நாள் பயணம் இது. வீட்டில் இப்படி ஒருவரை இழந்த எவரும் இதே ஒழுங்கில் போய்வரலாம்.

முதல் வேலை பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது. கல்லறைக்குப் பூவும் பெயிண்டும் வாங்க ஓடுகிறோம், இதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினாலும் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கும் வரம், உண்டு. அதை இறந்தவர்களுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். பாவசங்கீர்த்தனம் ஒருமுறை செய்தால் அந்த எட்டு நாளுக்கும் போதும். ஆனால் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியே நற்கருணை வாங்க வேண்டும், பாப்பரசரின் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சொல்ல வேண்டும். பாவத்தின்மேல், சிறு பாவமானாலும், பற்று இருக்கக் கூடாது. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினாலே பலன் கிடைத்துவிடும் என்று நினைத்து நற்கருணை வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கிடைக்க வேண்டிய பெரிய உதவி அங்கேதான் நழுவுகிறது.

கல்லறை வேலையை அக்டோபர் கடைசி வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரம். காயாத சுண்ணாம்பு ஒரே மழையில் ஓடிவிடும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கல்லறையைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு மெல்லிசாக இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். ஒரே பூச்சாகக் கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உரியும். இரும்புச் சிலுவையாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, துருத் தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்த பிறகுதான் பெயிண்ட். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் (நவம்பர் 2) கொப்புளம் விட்டுவிடும். பளிங்குக் கல்லில் ஆசிட் ஊற்றவே கூடாது. ஆசிட் கல்லையே தின்றுவிடும், எழுத்து மழுங்கிப்போகும். சிந்திய மெழுகைக் கத்தியால் சுரண்டாமல், இறுகிய பிறகு மரச்சில்லால் நெம்பி எடுத்து, மிச்சத்தை வெந்நீர்த் துணியால் துடைக்கலாம்.

ராணுவத்தில் இருந்தவர் என்பதால் சிலர் சின்னக் காகிதக் கொடிகளைக் கல்லறை மண்ணில் குத்தி வைக்கிறார்கள். தேசியக்கொடி தரையில் படக் கூடாது, காகிதக் கொடியானாலும் தரையில் விட்டுவிட்டு வரக் கூடாது. கல்லில் பெயரோடு ரேங்க்கையும் ரெஜிமெண்டையும் வெட்டிவைப்பதே அவருக்குத் தகுந்த மரியாதை.

பயண நாளன்று காலைப் பூசை நான்கு ரோடு பக்கம் உள்ள குழந்தை இயேசு பேராலயத்தில். 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் தாய்க்கோயில் அது. நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம். 1915-இல் பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் தந்த அனுமதி அது. இருந்தாலும் உங்கள் வீட்டவர் பெயருக்கென்று தனிக் கருத்தில் பூசை வேண்டுமென்றால் பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பூவை வ.உ.சி. மார்க்கெட்டில் முந்தின நாளே வாங்கிவிடுவது நல்லது. குரு கல்லறைகளை ஆசீர்வதிக்கும் கல்லறை மந்திரிப்பு எத்தனை மணிக்கு என்பது பங்குக்குப் பங்கு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறையில் 130-ஆம் திருப்பாடலையும் நித்திய இளைப்பாற்றி மன்றாட்டையும் நிதானமாகச் சொல்லுங்கள்.

அவர் நடந்த தண்டவாளத்தில் ஒரு பூ வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் அவர் தினமும் நடந்தார். கையில் சுத்தியல், ஸ்பேனர், இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, பையில் டெட்டனேட்டர், அதாவது வண்டிச் சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வில்லை. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான கான்கிரீட் ஸ்லீப்பர் போட்ட இன்றைய தடத்தில் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர், ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பிடிக்கும் 4 கிளிப். ஆக ஒரு கிலோமீட்டரில் மட்டும் 6640 கிளிப். கழன்றதைத் தட்டி ஏற்ற வேண்டும், கிளிப்புக்கு அடியில் நகர்ந்த லைனரைச் சரிசெய்ய வேண்டும், இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டில் தளர்ந்த போல்ட்டை முறுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் தண்டவாளம் சுருங்கி வெல்டு விட்டுப்போகும், சித்திரை வெயிலில் நீண்டு வளையும். விரிசல் கண்டால் அதிலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைத்து வண்டியை நிறுத்த வேண்டும். எந்தப் பயணிக்கும் அவர் முகம் தெரியாது. அவருக்காக வேண்டும்போது இதையும் ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லலாம். தடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் ஜங்ஷனிலிருந்து பொம்மிடி வரை ரயிலில் போய் வாருங்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல். டேனிஷ்பேட்டை, லோக்கூர் பகுதியில் சேர்வராயன் மலை கூடவே வரும்.

மதியத்துக்கு மேல் ஏற்காடு. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்டே இருக்கும். ஜெபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்வுகளான மறைபொருள்களும் 2002-இல் ஒளியின் மறைபொருள்கள் சேர்ந்த பிறகு 20 தான். வளைவுக்கு ஒரு மறைபொருளை நினைத்து ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டு ஏறலாம். வளைவுக்குப் பத்து அருள் நிறைந்த மந்திரம் என்று வைத்தால் வண்டி முந்திவிடும், ஜெபம் அவசரமாகிவிடும். ஓட்டுகிறவர் மட்டும் பாதையையே பார்க்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்களை முன் சீட்டில் உட்காரவைத்து, வயிறு முட்டச் சாப்பிடாமல் கூட்டிப்போங்கள். மேலே மாலைப் பூசை இருந்தால், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் மட்டும். சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் பயப்பட வேண்டாம்; முதியவர்கள், நோயுற்றவர்கள், அவர்களைக் கவனிப்பவர்கள் யாருக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. திரு இருதய ஆண்டவர் ஆலயத்தில் ஜெபமாலையை முழுதாகச் சொல்லிவிட்டு, பனி இறங்கும் முன் கிளம்புங்கள். இறங்கும்போது ஏறிவரும் வண்டிக்கு வழி விட வேண்டும். பலத்த மழையென்றால் மண் சரியும், அன்று மலை ஏறாமல் பேராலயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். ரோமைப் படையில் இருந்து பிறகு ஆயரானவர். அன்றைய பூசைக்கு, பெரியவரோடு பட்டாளத்திலும் கேங்கிலும் வேலை பார்த்து இறந்தவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். கூப்பிட்ட பெயரை எழுதாமல் ஞானஸ்நானப் பெயரை எழுதுங்கள். வருட நினைவுப் பூசைக்கான தேதியையும் அதே கையோடு அலுவலக நோட்டில் பதிந்துவிட்டு வந்துவிடலாம்.