சொல்லிக் கொடுப்பதும் சிகிச்சைதான்

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி நர்ஸ்களாகிய நம் இடத்துக்கு வருகிறார். வீட்டுப் பராமரிப்பில் நாம் அவருடைய இடத்துக்குப் போகிறோம். கட்டிலை நகர்த்துவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். வார்டிலிருந்து வந்த எனக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

அதைவிட மெதுவாகப் புரிந்தது இன்னொன்று. நான் அந்த வீட்டில் இருப்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நோயாளி வீட்டாரின் கையில்தான் இருக்கிறார்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் பெரிய ஆபத்து. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுகியோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மருமகளின் விரலைப் பிடித்து மாமியாரின் குதிகாலில் வைத்தேன். “இந்த இடம் மட்டும் சுடுது சிஸ்டர்” என்றார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்தக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது நான் கேட்பதற்கு முன்பே போர்வையை விலக்கிக் காட்டினார். சூடு தணிந்திருந்தது.

1859-ல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸையே ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்க அமர்த்தினார். அங்கே கண்ட துயரம் தாங்காமல் மேரி தன்னை அந்த வேலையிலிருந்து விட்டுவிடும்படி கேட்டார்; பிறகு மனம் தேறித் தொடர்ந்தார். இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் அந்தத் தவிப்பு விளங்கும்.

அந்தத் துயரத்தில் பாதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவருடையது. இரவெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பவர் எப்போது தூங்குவார்? பிரஷர் பார்த்ததும் அவரிடம்தான் பேசுவேன். முறை மாற்றிக்கொள்ள வேறு ஆள் உண்டா என்று கேட்காமல் கிளம்புவதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்து விவரம் இருக்கும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், நர்ஸ் பக்கத்தில் நிற்க, வீட்டார் தங்கள் கையால் ஒரு வேளையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும்.