எங்கள் மேய்க்காலில் நட்ட கல்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குக் கிழக்கே மேய்க்கால் ஒன்று உண்டு, ஊர் மாடுகள் மேய்கிற பொது நிலம். நாலரை ஏக்கர். செம்மண்ணும் சரளையும், நடுவில் இரண்டு வேம்பு, ஓரமெல்லாம் ஆவாரஞ்செடி. 2023 பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், மாடு பத்திப்போன பெரியப்பா போன வேகத்தில் திரும்பி வந்தார். "தாயி, நம்ம மேய்க்கால்ல கல்லு ஊண்டியிருக்காய்ங்க. மஞ்சப் பெயிண்டு அடிச்சிருக்கு."

பக்கத்துப் பட்டா நிலத்தில் மனை போட்டவர்கள் மெயின் ரோட்டுக்குப் பாதை வேண்டி, மேய்க்காலின் குறுக்கே முப்பது அடி அகலத்துக்குக் கல் நட்டுக் கிராவல் கொட்டியிருந்தார்கள்.

வி.ஏ.ஓ.விடம் சொன்னால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதியிருக்கிற 'அ' பதிவேட்டை அவர் கணினியில் எடுத்துக் காட்டினார். எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று இருந்தது. எனக்கு அப்போது அதன் பொருள் புரியவில்லை. தரிசு என்றால் அரசு அதைத் தனியாருக்கு ஒப்படை செய்ய வழி உண்டு. மேய்க்கால் அப்படியல்ல. அது ஆட்சேபகரமான புறம்போக்கு, லேசில் யாருக்கும் பட்டா தர முடியாது. 1994 ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் நிலமும் களமும் மாட்டு மந்தையும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஒரே ஒரு சொல்லில் இருந்தது எங்கள் நிலத்தின் கதி.

1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையின்போது வகைப்பாடு மாறிப்போன இடங்கள் நிறைய உண்டு என்று ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் சொன்னார். அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடான எஸ்.எல்.ஆரைக் கேள் என்றார். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்.எல்.ஆர். நகல், பழைய 'அ' பதிவேடு, புலப்பட (நில அளவு வரைபட) நகல் மூன்றையும் கேட்டேன். 'ஏன் மாற்றினீர்கள்' என்றெல்லாம் கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இன்ன ஆவணத்தின் நகல் என்று மட்டும் கேளுங்கள். முதலில் 'ஆவணம் கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தேன். அப்புறம்தான் கிடைத்தது. மங்கிய மையில், சாய்ந்த கையெழுத்தில், குறிப்புக் கட்டத்தில் 'மேய்க்கால்'. பெரியப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஊருக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. "ரோடு வந்தா நம்ம நெலத்துக்கும் வெல ஏறும்ல, அக்கா?" என்று மாமா மகன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, கடன் இருக்கிறது அவனுக்கு. ஆனால் மழை பெய்தால் அந்தச் சரிவிலிருந்துதான் கண்மாய்க்குத் தண்ணீர் இறங்குகிறது. புலிக்குளம் மாடு வைத்திருக்கிற ஏழு வீட்டுக்கும் அறுவடை இல்லாத காலத்தில் வேறு தரை கிடையாது. இதை அவனிடம் மூன்று நான்கு தடவை உட்கார்ந்து பேசினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே, தீர்மானத்தைச் சர்வே எண், பரப்பு, நான்கெல்லையோடு எழுதிக் கொடுத்தோம். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் திரண்டு வந்தார்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று உறுதியாக நின்றோம். பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28இல் தந்த ஜக்பால் சிங் தீர்ப்பையும் சேர்த்து, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடப் போனாலும் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.

அளக்க வர எட்டு மாதம் ஆனது. புலப்படத்தில் இருக்கிற மூலைக்கல் தரையில் இல்லை. பெரியப்பா ஆவாரம் புதருக்குள் மண்வெட்டியால் சுரண்டி, ஒரு முழ ஆழத்தில் அதைக் கண்டெடுத்தார். அதிலிருந்து அளந்தபோது மஞ்சள் கல் அத்தனையும் எங்கள் பக்கம். 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் போனது. கல்லைப் பிடுங்கினார்கள்.

2025 தையில், மேலூர்ப் பக்கமே இருக்கிற அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் ரத்தானபோது எங்கள் ஊரிலும் வெடி வெடித்தார்கள். அங்கே குடைவரைக் கோயிலும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டும் இருக்கின்றன, 193 ஹெக்டேருக்கு மேல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022இலேயே அறிவித்துவிட்டார்கள். எங்கள் மேய்க்காலில் காட்ட எதுவும் இல்லை. காகிதம்தான் துணை.

யு.டி.ஆர். திருத்த மனு மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) அலுவலகத்தில் இருக்கிறது. கணினியில் இன்னும் 'தரிசு'தான். கிராவலை அள்ளிய பட்டையில் புல் முளைக்கவில்லை. மாடுகள் அதை மட்டும் தாண்டிப்போய் மேய்கின்றன.