கதவு ஒன்று, அடுப்பு இரண்டு

சென்னையில் குடிசைப் பகுதி மக்களோடு வீட்டுரிமைக்காக வேலை செய்கிறவர்கள் என்றதும் கொடி, கோஷம், சாலை மறியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதெல்லாம் வருஷத்தில் சில நாள் கூத்து. மற்ற நாளெல்லாம் பட்டியல் வேலை. யார் பெயர் எந்தத் தாளில் ஏறியிருக்கிறது, எதில் விட்டுப்போயிருக்கிறது, விட்டுப்போனதை யாரிடம் எழுதிக் கேட்பது என்று அலைவதுதான் இந்த வேலையின் சாரம். குடிசை மாற்று வாரியத்து ஆட்கள் கணக்கெடுக்க வந்து போகிற அந்த ஒரு நாளில் பாதிப் பேருடைய வீட்டு விதி எழுதப்பட்டுவிடுகிறது. அதற்கு முன்பே பகுதி மக்கள் கையில் சொந்தப் பட்டியல் இருந்தால் பேச ஓர் இடம் உண்டு. இல்லாவிட்டால் "லிஸ்ட்ல பேர் இல்லம்மா" என்ற ஒரே வார்த்தையோடு கதை முடிந்துவிடும்.

குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது. 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிசைப் பகுதிகள் சட்டம் 1971இல் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் சென்னையில் 1,202 பகுதிகளை அப்போதே குடிசைப் பகுதிகளாக அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உருவான பகுதிகளில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெறும் ஆக்கிரமிப்பாளர்கள். ஆகவே ஒரு பகுதிக்குள் நுழைந்ததும் அந்த 1,219இல் அது உண்டா என்று பார்ப்பது முதல் காரியம். பேர் ஒன்றாக இருக்கும், சந்து வேறாக இருக்கும். எல்லையையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது நிலம். நகர நில அளவைப் பதிவேட்டை அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். வார்டு, பிளாக், சர்வே எண் வேண்டும். சர்வே எண் தெரியாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். ஆற்றோரப் புறம்போக்கா, மாநகராட்சி நிலமா, ரயில்வேயா, கோயில் மனையா என்பதைப் பொறுத்து எதிர்த்தரப்பு மாறும். கூவம் கரைக் குடும்பங்களுக்காக ரயில்வே அதிகாரிக்கு மனு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்த சங்கங்கள் உண்டு. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்தால், 7ஆம் பிரிவில் வருவது விளக்கம் கேட்பது, 6ஆம் பிரிவில் வருவது காலி செய்யச் சொல்வது. முதல் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் போகாவிட்டால் இரண்டாவது தானாக வரும். சுவரில் ஒட்டிய நோட்டீஸை அதே நாளில் தேதி தெரியப் படம் எடுத்து வைப்பது நல்லது. மழை பெய்தால் தாள் போய்விடும், தேதியும் போய்விடும்.

இனி பட்டியல்.

ஒரு பெரிய தாளில் சந்துகளைக் கையால் வரைந்து ஒவ்வொரு கதவுக்கும் எண் போட வேண்டும். குழாய், கோயில், டிரான்ஸ்ஃபார்மர் இவற்றைக் குறித்தால்தான் பிறகு யாரும் வரைபடத்தைப் படிப்பார்கள். சுவரில் சாக்பீஸால் எழுதினால் அழிந்துவிடும், பெயின்ட்டால் எழுதினால் "எதுக்கு நம்பர் போடறீங்க, இடிக்கவா?" என்று கலவரமாகும். அதனால் முதல் நாள் மாலையே சந்து சந்தாகச் சொல்லிவிட்டு, மறுநாள் பெயின்ட் டப்பாவை அந்தச் சந்துப் பெண்கள் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒரு மாலையில் இருபது, இருபத்தைந்து கதவு முடியும். 300 கதவுள்ள பகுதிக்கு ஐந்து ஜோடி இருந்தால் மூன்று மாலை. பூட்டிக் கிடந்தவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகலில் போவதில் அர்த்தமில்லை. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் யாரும் பேச்சுக்கு நிற்கமாட்டார்கள்.

படிவம் ஒரே பக்கம் போதும். கதவு எண், குடும்பத் தலைவி பெயர், ரேஷன் கார்டு எண், வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எண், வந்த வருஷம், அதற்கான ஆகப் பழைய சான்று, சொந்தக் குடிசையா வாடகையா, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வகுப்பு, மாற்றுத்திறனாளி உண்டா, வேலைக்குப் போகிற இடம். பள்ளி வகுப்பு எதற்கு என்று கேட்பார்கள். கல்வியாண்டு நடுவில் பெயர்த்து, நகர விளிம்பில் உள்ள வாரியக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்புகிற நாள் வந்தால், "பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் படிக்கிற பிள்ளைகள் இத்தனை பேர், இன்னின்ன பள்ளி" என்று எண்ணிக்கையோடு தேதி தள்ளக் கேட்பதற்கு அந்த ஒரு கட்டம்தான் உதவும்.

படிவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் அடுப்புக் கணக்கு. ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனை உலை கொதிக்கிறது? பத்துக்குப் பன்னிரண்டு அறை, நடுவே சேலைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் கல்யாணமான மகன், மருமகள், கைக்குழந்தை. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, "இது ஒரு குடும்பமாம்மா, ரெண்டா?" என்று கேட்பார். மாமியார் தலை நிமிர்ந்து, "ஒரே குடும்பந்தான் சார், எங்க வூட்ல பிரிவினையெல்லாம் கெடயாது" என்பார். அவருக்கு அது கௌரவம். படிவத்தில் அது ஒரு குடும்பம், ஒரு வீடு. பிறகு மகன் குடும்பத்துக்காக எத்தனை மனு போட்டாலும், "நீங்களே சொன்னதுதானே?" என்று அந்தத் தாளையே திருப்பிக் காட்டுவார்கள். இதை முன்கூட்டிச் சொல்லிவைப்பது சுலபமில்லை. கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது. வீட்டுக்குள் உட்கார்ந்து, அந்த அம்மாவிடமே, "உங்க பிள்ளைக்குத் தனி ரேஷன் கார்டு இருக்கா, தனி சிலிண்டர் இருக்கா?" என்று கேட்டால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். தனி கார்டு இல்லையென்றால் கணக்கெடுப்பு அறிவிப்பு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அறிவிப்புக்குப் பின் வாங்கிய கார்டைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கைவிடப்பட்ட பெண்கள் நிலைமை இன்னும் சிக்கல். கார்டு கணவன் பெயரில், கணவன் வேறு வீட்டில், அந்த வீடும் அதே பகுதியில். இருவர் பெயரும் ஒரே கார்டில் இருப்பதால் வீடு கணவனுக்குப் போய்விடும். இப்படிப்பட்டவர்களைத் தனித்தாளில் எழுதி, அண்டை வீட்டுக்காரர் ஐந்து பேர் கையெழுத்தோடு பட்டியலின் பின்னால் இணைக்க வேண்டும். சொந்த ஊரில் கார்டு வைத்துக்கொண்டு இங்கே வாழ்பவர்கள், ஒரே மின் இணைப்பில் நான்கு வீடு ஓடுகிற வரிசைகள், வேலைக்காக வெளியூர் போயிருப்பவர்கள் எல்லாரும் இதே வகைதான்.

பட்டியல் முடிந்ததும் அதைச் சந்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேரம் எடுக்கும், சண்டை வரும் என்பது காரணம். சண்டை வரட்டும். "அவன் இங்க இல்லவே இல்ல, குடிசையை வித்துட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு" என்று ஒருவர் சொல்வது இந்த இடத்தில் வெளிவந்தால் சந்துக்குள் தீர்க்கலாம்; அதிகாரி முன் வெளிவந்தால் முழுப் பட்டியல்மீதும் சந்தேகம் விழும். வாசித்து முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சந்தைச் சேர்ந்த ஐந்து பேர் கையெழுத்து. பிறகு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபால் (பழைய பதிவுத் தபால் 2025இல் இதோடு இணைந்துவிட்டது). அந்த ஒப்புகையைத் தொலைத்தால் அனுப்பியதற்கே அர்த்தமில்லை.

அசல் ஆவணங்களை யாரிடமிருந்தும் வாங்கக் கூடாது. ஜெராக்ஸ் மட்டும். அதன் குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்று ஒரு வரி. வீடு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வசூலிக்கிறவர்கள் எல்லாப் பகுதியிலும் உலவுகிறார்கள். கையில் ஒரு கட்டு ஆதார் ஜெராக்ஸோடு அலைகிற அமைப்பாளருக்கும் அவர்களுக்கும் மக்கள் கண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. கட்சி வட்டச் செயலாளர்கள் பட்டியலைத் தங்களிடம் கொடுக்கச் சொல்வார்கள். நகல் தாராளமாகக் கொடுக்கலாம். மூலப்பிரதி மூன்று வெவ்வேறு சந்துப் பெண்களிடம் இருக்கட்டும். கூடவே பகுதிக்கு வெளியே ஒரு பிரதி, தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் மிஞ்சுகிற மாதிரி.

அரசுப் பட்டியலைப் பெற தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "எங்கள் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் அல்ல என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். "இன்ன தேதியில் எடுத்த கணக்கெடுப்பின் பயனாளிகள் பட்டியல் நகல், தகுதியற்றவர் பட்டியல் நகல், தகுதி வரையறுத்த ஆணை நகல்" என்று தாளைக் கேட்க வேண்டும். அவர்கள் பட்டியலையும் நம் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக் கதவு எண் வாரியாகப் பார்த்தால் விடுபட்டோர் பட்டியல் தானாகக் கிடைக்கும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்க வேண்டியது அதைத்தான். நூறு பேர் நூறு தனி மனு கொடுப்பதைவிட, ஒரு பட்டியலும் அதன்கீழ் நூறு பேரும் என்றால் பதில் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தம் கூடுகிறது.

2022இல் ஏரியா சபை, அதாவது அந்தந்த ஏரியா மக்கள் கூடிப் பேசும் கூட்டம், வந்தது. சென்னையில் 200 வார்டு, வார்டுக்குப் பத்து ஏரியா. கிராமசபைக்கு ஈடாக நகரத்துக்குக் கிடைத்த ஒன்று என்று பேசினார்கள். அவ்வளவு பல் அதற்கு இல்லை. ஆனாலும் கவுன்சிலர் எதிரில் உட்கார்ந்து கோரிக்கையைப் பதிவேட்டில் ஏற்றுகிற உரிமை சும்மா வந்ததல்ல. முப்பது கோரிக்கையோடு போனால் எதுவும் பதிவாகாது, மூன்று போதும். எது யாருடைய பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு போக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளே கழிவுநீர்க் குழாய் அடைத்தால் வாரியம், வெளியே மெயின் லைன் என்றால் குடிநீர் வாரியம், சாலையும் தெருவிளக்கும் மாநகராட்சி. தவறான ஆளிடம் கேட்ட கேள்விக்கு, "நோட் பண்ணிக்கிறோம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. கூட்டம் கலையும் முன் பதிவேட்டில் எழுதியதை வாசிக்கச் சொல்ல வேண்டும்.

வாரியத்தின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் இடங்களில் பிரச்சினை வேறு. நகருக்குள்ளேயே புதிய வீடு கிடைக்கிறது, அதுவும் பழையதைவிடப் பெரிதாக, 400 சதுர அடி அளவில். மக்களுக்கு ஆசை இருக்கும், அவசரமும் இருக்கும். இடிக்கும் முன் கையில் வாங்க வேண்டிய தாள்கள் இவை: பழைய வீட்டு எண்ணோடு பயனாளிகள் பட்டியல், பயனாளி பங்குத் தொகை (வீட்டுக்காக அவர் கட்ட வேண்டிய பணம்) எவ்வளவு, எத்தனை தவணை, முடிக்கும் மாதம், தரைத்தளம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் என்ற உறுதி. வாய்வார்த்தையாகச் சொன்ன பங்குத் தொகை கட்டி முடித்த பிறகு ஏறிய இடங்கள் இருக்கின்றன. இடைக்கால வாடகைக்கான கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். பதினெட்டு மாதம் வேலை என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். வேலை நீண்டால் அதுவும் தேயும். புளியந்தோப்பிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ அந்தக் காசுக்குத் திண்ணைகூடக் கிடைக்காது.

கட்டும்போதே போய்ப் பார்க்கவும் ஆள் வேண்டும். 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்து, ஐ.ஐ.டி. குழுவை வைத்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. அங்கே கொத்து வேலை தெரிந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். பூச்சுக்குத் தண்ணீர் ஏழு நாளாவது விடுகிறார்களா, கழிப்பறைத் தளத்தில் ஒரு நாள் தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டுக் கூரை கசிகிறதா என்று பார்த்தார்களா என்பதையெல்லாம் கேட்க பொறியாளர் தேவையில்லை. சாவி வாங்குவதற்கு முன் குறையை எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கிய பிறகு அது குடியிருப்போர் பராமரிப்புப் பிரச்சினை ஆகிவிடும்.

பெயர்ந்து போகிறவர்களின் வாக்குரிமையையும் கவனிக்காமல் விட முடியாது. இடம் மாறினால் வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. தற்காலிகமாக வாடகைக்குப் போனவர்கள், "திரும்பி வரப்போறோம்தானே" என்று பழைய முகவரியிலேயே விட்டுவிடுவார்கள். வீடுவீடாகச் சரிபார்க்க வருகிற அலுவலர் கண்ணில் அங்கே மண்மேடுதான் படும். பெயர் நீங்கிய பகுதிக்காரர் குரலுக்குக் கவுன்சிலரிடம் மதிப்பு குறையும் என்பதை மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒன்று வாடகைக்காரர் விவகாரம். குடிசைக்குள் குடிசையாக, மாத வாடகை கொடுத்துப் பல வருஷம் வாழ்கிறவர்கள். பட்டியல் வாசிக்கும் இரவில் குடிசைச் சொந்தக்காரர்கள் முணுமுணுப்பது இவர்கள் பெயருக்குத்தான்: "அவங்கள சேத்தா நம்ம வூடு குறைஞ்சிடும்." சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்களும் கூட்டத்துக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் என்பதால் சங்கமும் மெதுவாக வாடகைக்காரர் பெயரை விட்டுவிடும். அதிகாரிக்கும் அது சௌகரியம். வாடகைக்கு ரசீது கிடையாது, மின் கட்டணம் வீட்டுக்காரர் பெயரில். அவர்களிடம் மிஞ்சும் சான்று பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைத் தாளும் தடுப்பூசி அட்டையும்தான். அந்த இரண்டின் ஜெராக்ஸையாவது படிவத்தோடு சேர்த்துப் பின் செய்து வைக்கலாம். பெரும்பான்மை எதிர்த்தால் அமைப்பாளர் என்ன செய்வது என்பதில் இந்தத் துறையில் ஒத்த கருத்து இல்லை. சிலர் வாடகைக்காரருக்கு இரண்டாவது பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். பலர், இருக்கிற ஒற்றுமை உடைந்துவிடும் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுகிறார்கள்.