ஃபோர்ட் ஹில் கல்லறைகள்: இதுவரை பார்த்தது

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறிய ஊர். அங்கே 1851-இல் உருவான ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமான அந்தக் கால அரசியல்வாதிகளைத் தேடிப் படம் எடுத்துக் குறிப்பு எழுதி வருகிறேன்.

பெயர்களைச் சேர்ப்பது எளிது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பில் அடக்கம் செய்த இடமும் இருக்கும். கல்லைப் படிப்பதுதான் பாடு. பழைய சலவைக்கல் மழையில் கரைந்து எழுத்து மழுங்கியிருக்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்து துலங்கும். மர நிழலில் உள்ள கல்லுக்கு, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைத் திருப்பினால் போதும். சாக்பீஸ், கம்பி பிரஷ், ஷேவிங் ஃபோம் எதுவும் வேண்டாம், கல் கெட்டுவிடும். மெத்தென்ற பிரஷும் தண்ணீரும் சரி.

தியோடர் பாமராய் 1869 மார்ச் 3 அன்று ஒரே ஒரு நாள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ் மறுநாள் துணை ஜனாதிபதியாகப் பதவியேற்க விலகியதால் வந்த வாய்ப்பு. 1909 சுங்கவரிச் சட்டத்தில் பெயர் உள்ள செரினோ பெய்னும் இங்கேதான்.

என்னை நிறுத்தி வைத்தது வில்லியம் சீவார்டின் கல்லறை. கவர்னர், செனட்டர், லிங்கனின் வெளியுறவு அமைச்சர், 1867-இல் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியவர். கல்லிலோ "அவர் உண்மையாய் நின்றார்" என்ற வாசகம். அது 1846 வழக்கிலிருந்து வந்தது. நான்கு பேரைக் கொன்ற வில்லியம் ஃப்ரீமன் என்ற கறுப்பின இளைஞருக்காக, அவர் மனநிலை பிறழ்ந்தவர் என்று சீவார்ட் வாதாடினார். ஊரே கொதித்தது. தன் கல்லறைமேல் யாரோ ஒரு வழிப்போக்கனாவது இந்த வரியை எழுதுவான் என்று ஜூரியிடம் சொன்னார். ஜூரி ஃப்ரீமனைக் குற்றவாளி என்றது. மேல்நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தும், மறுவிசாரணைக்கு முன்பே 1847-இல் அவர் சிறையில் இறந்தார். அலாஸ்காவைவிட இந்த வழக்குக்காகவே சீவார்டை எனக்குப் பிடிக்கிறது.

அப்புறம், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து மற்ற அடிமைகளையும் தப்புவித்த ஹாரியட் டப்மன். பதவி எதுவும் வகித்தவரல்ல, ஆனாலும் சேர்த்துவிட்டேன். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் அமலில் இருந்த 1859-இல், செனட்டராக இருந்துகொண்டே அவருக்கு ஆபர்னில் வீடும் நிலமும் விற்றவர் சீவார்ட். 1913-இல் இறந்த டப்மனும் இதே தோட்டத்தில்தான்.

அடுத்து ஈனஸ் த்ரூப். 1829-இல் நியூயார்க் கவர்னர் வான் பியூரன் பதவி விலகி வாஷிங்டன் போனபோது கவர்னரானவர். அவர் கல்லறை இங்கே இல்லை, அதே ஊரில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.