கண்ணாடியில் எழுதிய எண்

2025 ஏப்ரல் 5, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். சனிக்கிழமைதோறும் தன் பழைய செவர்லே நோவாவை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார், நள்ளிரவில் திரும்புவார். இன்று நானும் உடன் போனேன். மகன் கல்லூரிக்குப் போனதிலிருந்து என் சனிக்கிழமைகள் மிகவும் நீண்டுவிட்டன.

வட அலபாமாவில் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, 'டிராக் ரேஸ்' என்கிற கார்ப் பந்தயத்துக்கான ஒரு நேர்கோட்டுப் பாதை. நீளம் 660 அடி, அதாவது எட்டில் ஒரு மைல். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும், விளக்கு எரியும், பாய்ந்து போகும். இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஜோடியிலேயே குழம்பிப்போனேன். இடப்பக்கம் துருப்பிடித்த பிக்கப் லாரி, வலப்பக்கம் கேமரோ. பிக்கப்புக்கு மட்டும் பச்சை விழுந்தது. அது நூறு அடிக்கு மேல் போகும்வரை கேமரோ உறுமிக்கொண்டு நின்றதே தவிர நகரவில்லை. பிறகு கிளம்பிய வேகத்தில் கோட்டுக்குச் சற்று முன்னால் பிக்கப்பை முந்திவிட்டது. நான் கைதட்டினேன். வெற்றி விளக்கோ பிக்கப்பின் பக்கம் எரிந்தது. என்னைத் தவிர அங்கே யாருக்கும் வியப்பில்லை.

"கண்ணாடியில் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா, மேம்?" என்றார் பெரியவர். (இந்த ஊரில் எல்லாப் பெண்களும் 'மேம்'தான்.) வெள்ளை ஷூ பாலிஷால் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஓர் எண் எழுதியிருந்தது. பிக்கப்பில் 10.90, கேமரோவில் 7.00. தன் வண்டி இந்தப் பாதையை எத்தனை நொடியில் கடக்கும் என்று ஓட்டுபவரே முன்கூட்டிச் சொல்லும் எண் அது. அதற்கு 'டயல்' என்று பெயர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 3.90 நொடியை மெதுவான வண்டிக்கு முன்னதாகவே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. கேமரோ 6.98இல் ஓடியிருந்தது. இதற்குப் பெயர் 'பிரேக்அவுட்'.

எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். இங்கே பூஞ்சிட்டையும் பெரிய மாட்டையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, கணக்குப் பார்த்து அவிழ்த்துவிடுகிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே மெதுவான எண்ணை எழுதினால் என்ன? முன்னதாகக் கிளம்பலாம், ஆனால் முழு வேகத்தில் ஓடினால் பிரேக்அவுட். வேகமான எண்ணை எழுதினால்? வண்டியால் அதை எட்ட முடியாது. எதிராளிக்கு நூறில் சில பங்கு நொடியைச் சும்மா கொடுத்ததாகிவிடும். ஆக, பொய் சொல்ல வழியே இல்லை. ஐம்பது வயதில் இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்னொன்று காலையில் பெரியவரிடம் கேட்டுத்தான் புரிந்தது. பச்சை விழுந்ததும் வண்டியின் ஓட்ட நேரம் ஓடத் தொடங்குவதில்லை. முன் சக்கரம் தொடக்கக் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. பச்சைக்கும் அந்த விலகலுக்கும் இடையிலான நேரம் தனிக் கணக்கு, அதற்கு 'எதிர்வினை நேரம்' என்று பெயர். அது ஓட்டுபவருடைய கணக்கு. பச்சைக்குப் பிறகு ஒரு நிமிடம் கொட்டாவி விட்டுக் கிளம்பினாலும் வண்டியின் ஓட்ட நேரம் மாறாது, பந்தயம்தான் போய்விடும்.

ஏப்ரல் 25, வெள்ளி

பயிற்சி இரவு. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஓட்டலாம். எங்கள் 2012 ஹோண்டா ஒடிசியை எடுத்துப் போனேன். ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. கணவர் வர மறுத்துவிட்டார். "யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால்?" என்றார்.

ஓடுவதற்கு முன் வண்டியைச் சோதிப்பவர் பின்கதவைத் திறந்தார். இரண்டு அரிசி மூட்டை, புளிப் பொட்டலங்கள், மகனின் பழைய கூடைப்பந்து. உள்ளே எதுவும் உருளக்கூடாதாம். எல்லாவற்றையும் இறக்கிப் பெரியவரின் டிரெய்லரில் வைத்தேன். ஹெல்மெட் தேவையில்லை என்றார் சோதிப்பவர். கால் மைலை 13.99 நொடியிலோ அதற்கும் குறைவாகவோ கடக்கும் வண்டிகளுக்குத்தான் அந்தக் கட்டாயமாம். என் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்தக் கவலை வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார்.

ஏசியை அணைக்கச் சொன்னார்கள். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் தொடக்கக் கோட்டை நனைத்துவிடும். பந்தய டயர்க்காரர்கள் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றுவதற்காக ஓரிடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். சாலை டயர் போட்டவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் டயரின் பள்ளங்கள் தண்ணீரைக் கோடுவரை சுமந்து போகும். பாதையில் பிசின் போல எதையோ பூசியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க நடந்தபோது செருப்பு ஒட்டிக்கொண்டு காலைவிட்டுக் கழன்றது.

நடுவில் நிற்கும் விளக்குக் கம்பத்தைக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்கிறார்கள். 1963இல்தான் இது வந்தது. அதற்கு முன் ஒருவர் நின்று கொடியசைப்பார். மேலே உள்ள சின்ன விளக்குகள் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும்: முதல் கற்றையைத் தொட்டால் ஒன்று, இன்னும் ஏழு அங்குலம் ஊர்ந்தால் இரண்டாவது. அப்புறம் மூன்று மஞ்சள், அரை நொடிக்கு ஒன்றாக. கடைசி மஞ்சளுக்கு அரை நொடி கழித்துப் பச்சை.

நான் பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். நேரச் சீட்டில் என் எதிர்வினை 0.843. நடுவிலேயே தூங்கிவிட்டீர்களா என்று பெரியவர் கேட்கவில்லை, அவர் கண்கள் கேட்டன. கடைசி மஞ்சள் எரியும்போதே காலை எடுக்க வேண்டுமாம். கண் பார்த்து, கால் நகர்ந்து, இரண்டு டன் வண்டி அசைந்து, சக்கரம் கற்றையை விட்டு விலகுவதற்குள் பச்சை தானாக வந்திருக்கும்.

நான்கு ஓட்டம்: 10.71, 10.64, 10.60, 10.61.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேரச் சீட்டை மளிகைச் சீட்டு என்று நினைத்துக் கணவர் குப்பையில் போட்டுவிட்டார். மீட்டெடுத்தேன். முதல் 60 அடிக்கு ஒரு நேரம், 330 அடிக்கு ஒன்று, 660க்கு ஒன்று, கடைசி 66 அடியில் சராசரி வேகம். 60 அடி நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் மீதியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்கிறார் பெரியவர். எனக்கு 2.47, 2.43, 2.41, 2.41. முதலில் பயம், பிறகு பழக்கம்.

மே 10, சனி

முதல் பந்தயம். மாலை நான்கரை மணிப் பயிற்சி ஓட்டத்தில் 10.60. அதையே கண்ணாடியில் எழுதினேன். எதிராளி 7.20. எனக்கு 3.40 நொடி முன்தொடக்கம்.

கிளம்பினேன். கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை. பாதி தூரத்திலும் இல்லை. அப்புறம் ஒரு வெளிச்சப் புள்ளி, அது பெரிதாகிக்கொண்டே வந்தது. துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. மிதியை முழுக்க அழுத்தியபடி, முன்னால் குனிந்தால் வண்டி சீக்கிரம் போகும் என்பதுபோல் குனிந்துகொண்டேன். அவருக்கு முன் கோட்டைக் கடந்தேன்! நூறில் மூன்று பங்கு நொடி முன்னால்.

விளக்கு அவர் பக்கம் எரிந்தது. என் நேரம் 10.57.

நான்கரை மணிக்கு வெயில் கொளுத்தியது. பந்தயம் நடந்தபோது ஏழரை. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், எஞ்சினுக்குக் கூடுதல் பிராணவாயு கிடைக்கும், வண்டி வேகமாக ஓடும். அருகிலிருந்த ஓட்டுநர்கள் எல்லோரும் கையடக்க வானிலைக் கருவியைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

மே 11, ஞாயிறு

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன், வேகமாகப் போனதால் தோற்றுவிட்டேன் என்று. "மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று முப்பது வருடமாகச் சொல்கிறேனே" என்றாள்.

ஜூன் 14, சனி

சிவப்பு. எதிர்வினை நேரம் கழித்தல் 0.014, அதாவது பச்சை விழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். மூன்றாவது மஞ்சளுக்குக் காத்திராமல் கால் தானாக எழுந்துவிட்டது. மெதுவான வண்டி முதலில் கிளம்புவதால் என் பக்கம் சிவப்பு விழுந்த கணமே பந்தயம் முடிந்தது. எதிராளி தன் நேரம் வந்ததும் கடைக்குப் போவதுபோல் நிதானமாகக் கிளம்பி, நான் ஓடி முடித்த பிறகு வந்து சேர்ந்தார்.

முதல் சுற்றில் தோற்றவர்கள் மறுபடியும் பணம் கட்டி உள்ளே வரலாம். கட்டினேன். இந்த முறை சிவப்பு விழக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்து 0.260இல் கிளம்பினேன். எதிராளியின் எதிர்வினை 0.050. வண்டி சொன்னபடி ஓடியும் பயனில்லை.

இதற்கு 'டிலே பாக்ஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. முதல் மஞ்சளிலேயே பொத்தானை விடலாம். கணித்து வைத்த நேரம் கழித்துக் கருவியே வண்டியை விடுவிக்கும். அதை வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பிரிவு. எனக்கு அதில் ஏனோ மனம் ஒட்டவில்லை. தவறு செய்தால் என் காலே செய்யட்டும்.

ஜூலை 12, சனி

போகவில்லை. அலபாமா ஜூலையின் ஈரக்காற்றில் வண்டி 10.74க்குக்கூட ஓடுமா என்பது சந்தேகம். வீட்டில் உட்கார்ந்து பெரியவரிடம் கதை கேட்டேன். 1996இல் ஜார்ஜ் ஹோவர்டு என்பவர் இதே ஹன்ட்ஸ்வில் பக்கம் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்து ஒரு பிராக்கெட் பந்தயம் (இப்படி டயல் எண் எழுதி ஓடும் பந்தயத்துக்கு அதுதான் பெயர்) நடத்தினாராம். விண்வெளி ராக்கெட்டுக்குப் பெயர்போன இந்த ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இது காதில் விழுந்ததே இல்லை.

செப்டம்பர் 13, சனி

இரண்டு சுற்று ஜெயித்தேன்! முதலாவதில் எதிராளிக்குச் சிவப்பு. அதை வெற்றி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவதுதான் கணக்கு.

என் எண் 10.55. இந்த முறை ஆறரை மணிக்கு மேல் அழித்து எழுதினேன். எதிராளி மஸ்டாங், 8.10. என் எதிர்வினை 0.112, ஓட்டம் 10.571. சொன்னதைவிட 0.021 அதிகம், இரண்டையும் கூட்டினால் 0.133. அவர் கிளம்பியதில் என்னைவிடக் கெட்டி, 0.041. ஆனால் ஓட்டம் 8.198, சொன்னதைவிட 0.098 அதிகம். கூட்டினால் 0.139. தொகை குறைந்தவருக்கே வெற்றி. வித்தியாசம் 0.006 நொடி. அவர் வந்த 84 மைல் வேகத்துக்கு அது ஒன்பது அங்குலம். ஒரு சாண்!

மூன்றாவது சுற்றில் சீட்டு யாரோடு விழுந்தது தெரியுமா? பக்கத்து வீட்டு நோவா. 7.35 என்று எழுதியிருந்தார். நான் இதுவரை ஓட்டியதிலேயே நன்றாக ஓட்டினேன்: 0.098இல் கிளம்பி 10.560. கோடு நெருங்கும்போது அவர் பக்கத்தில் வந்தார், முந்தினார், போய்விட்டார். பிரேக்அவுட் ஆகியிருப்பார் என்று ஒரு நொடி நம்பினேன். அவர் சீட்டில்: 0.022, 7.370.

இரவு வண்டியை ஏற்றும்போது அவருடைய நேரச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வழக்கமாகக் கோட்டில் 93 மைல் வேகம் காட்டும் வண்டி இன்று 86 காட்டியது. கடைசியில் பிரேக்கைத் தொட்டிருக்கிறார். முழுக்க விட்டிருந்தால்?

"7.32" என்றார், கண்ணைச் சிமிட்டாமல். என்னைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, தேவையான அளவு மட்டும் முந்துவதற்காக நூறில் மூன்று பங்கு நொடியைக் கையிருப்பில் வைத்திருந்தாராம். எல்லோரும் செய்வதுதானாம்.

வீட்டுக்கு வந்து ஏப்ரல் 6ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். 'பொய் சொல்ல வழியே இல்லை' என்ற வரியை அடிக்கவில்லை. ஓரத்தில் 'நூறில் மூன்று பங்கு தவிர' என்று மட்டும் எழுதினேன். அரிசி மூட்டை இன்னும் அவருடைய டிரெய்லரில் கிடக்கிறது. காலையில் போய் எடுத்து வர வேண்டும்.